கொச்சி வரை வருகிறேன்

நங்கூரம் இறங்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது அந்தப் படகின் சட்டம். கணவர் பின்னால் சுக்கானைப் பிடித்திருப்பார். மனைவி முன்னால், கையுறை அணிந்து, சங்கிலிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் கையைத் தாழ்த்தினால் விடு, உயர்த்தினால் நிறுத்து. கார்வாரிலும் மங்களூரிலும் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. இது மூன்றாவது முறை. ஒரு பக்கம் எர்ணாகுளத்தின் உயர்ந்த கட்டடங்கள். மறுபக்கம் வல்லார்பாடத்தின் கன்டெய்னர் கிரேன்கள். நடுவே, போல்காட்டி தீவுக்கு அருகில் நாலு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் சேற்றைத் தொட்டது. ஜனவரி மாத மாலை, மணி 4.20.

"விழுந்தாச்சு" என்றார் மனைவி, சட்டத்தை மீறி.

கணவருக்கு வயது 64. வணிகக் கப்பல்களில் என்ஜினியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். மனைவிக்கு 61. தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருந்து தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். கடலால் சம்பளம் வந்ததே தவிர, கடல் மீது அவருக்கு எந்தப் பிரியமும் இருந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு கணவர் கோவாவில் 31 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். செய்தி வீட்டுக்கு வந்தபோது மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை சொன்னார்: "கொச்சி வரைக்கும் வாரேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

ஏன் கொச்சி என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அந்த ஊரின் பெயரை அதிகம் உச்சரிப்பதில்லை.

படகை நிறுத்துவது காரை நிறுத்துவது போன்றதல்ல. நங்கூரத்தைப் போட்டுவிட்டால் போதும் என்றுதான் கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் படகைப் பிடிப்பதில் நங்கூரத்தின் எடைக்கு உள்ள பங்கு குறைவு. தரையோடு தரையாகக் கிடக்கும் சங்கிலிதான் நங்கூரத்தைப் படுத்த நிலையில் வைத்து, சேற்றுக்குள் அதன் மூக்கைப் புதைய விடுகிறது. சங்கிலி செங்குத்தாக நின்றால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். ஆழம் நாலு மீட்டர், படகின் முகப்பு நீருக்கு மேல் ஒரு மீட்டர், ஆக மொத்தம் ஐந்து. அதைப் போல் ஆறு மடங்கு, 30 மீட்டர் சங்கிலி போனது. பிறகு என்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்த்தார். சங்கிலி விறைத்தது, படகு நின்றது.

அடுத்த வேலை மனைவியுடையது. கரையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அவை ஒரே கோட்டில் இருக்கும் வரை படகு நகரவில்லை என்று அர்த்தம். போல்காட்டி அரண்மனையின் ஓட்டுக் கூரை ஒன்று. 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டியது, இப்போது ஹோட்டல். அதன் பின்னால் தெரிந்த ஒரு செல்போன் கோபுரம் இன்னொன்று. தலைமை ஆசிரியைக்கு இந்த முறை உடனே பிடித்துப்போயிற்று. "வரிசையா நிக்கச் சொல்லி முப்பது வருஷம் கத்தியிருக்கேன். இதுக கத்தாமலே நிக்குதுக."

அவர்கள் வந்து நின்ற நீருக்கு மலையாளத்தில் காயல் என்று பெயர். தமிழிலும் அதுதான். தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் பழையகாயல் இருக்கிறது; இன்னும் தள்ளி காயல்பட்டினம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து, குதிரைக் கப்பல்கள் குவிகிற துறைமுகம் என்று எழுதி வைத்த காயல் அந்தப் பக்கத்தில்தான். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கடல் விலகிப் போயிற்று. துறைமுகத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது.

கொச்சியின் கதை அதற்கு நேர் எதிர். பெரியாற்றின் வாயில் இருந்த கொடுங்கல்லூர்தான் பழைய முசிறி என்று சொல்லப்படும் துறைமுகம். 1341-இல் வந்த பெரும் வெள்ளம் அதைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது மரபு. ஆறு ஓர் ஊரிடமிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தது. ஆனால் முழுதாகக் கொடுக்கவில்லை. வாயிலில் குறுக்கே ஒரு மணல் திட்டு கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நின்று படகுகளில் சரக்கை இறக்கின. 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அதை வெட்டித் திறந்தார். தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினார்கள். அதற்கு அப்போதைய வைசிராய் வில்லிங்டன் பெயர். 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைக்குள் நுழைந்தது.

அந்த வில்லிங்டன் தீவுதான் கணவருக்குத் தெரிந்த கொச்சி. பதினொரு முறை வந்திருக்கிறார். கொச்சி என்றால் அவருக்கு ஒரு பெர்த் எண், ஓர் என்ஜின் அறை, கேட்டுக்கு வெளியே ஓர் எஸ்.டி.டி. பூத். "பதினோரு தடவை வந்த ஊரை நான் பார்த்ததே இல்லை" என்கிறார், வெட்கப்படாமல். கப்பல்காரர்களின் உலக அனுபவம் பெரும்பாலும் இப்படித்தான்.

முதல் இரவு நிம்மதியாகக் கழியவில்லை. காயலில் நீர் ஒரே பக்கம் ஓடுவதில்லை. கொச்சியில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டர் கூட இல்லைதான். ஆனால் வேம்பநாட்டுக் காயலின் அவ்வளவு நீரும், அதில் விழும் ஆறுகளும், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பீனுக்கும் நடுவில் உள்ள குறுகிய வாய் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். அதனால் வற்றத்தின்போது இழுப்பு பலமாக இருக்கும். பெருக்கின்போது கடலைப் பார்த்து நிற்கும் படகு, வற்றத்தின்போது திரும்பி உள்நாட்டைப் பார்த்து நிற்கும். காவல் முறை போட்டுக்கொண்டார்கள். பத்திலிருந்து இரண்டு வரை மனைவி.

ஒரு மணியைத் தாண்டியிருக்கும். இருட்டில் ஏதோ உரசுகிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் படகின் முன்னால் ஒரு தோட்டம் முளைத்திருந்தது. ஆகாயத்தாமரை. உள்காயல்களில் மண்டிக் கிடக்கும் இந்தக் களை, நீர் வற்றும்போது பாய் பாயாகக் கிளம்பி மிதந்து வருகிறது. ஓர் அறை அளவுள்ள திட்டு சங்கிலியில் சிக்கிக்கொண்டு, ஆற்று நீரின் இழுப்பையெல்லாம் படகின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தது. மனைவி கரையைப் பார்த்தார். அரண்மனை விளக்குக்குப் பின்னால் இருக்க வேண்டிய கோபுரத்தின் சிவப்பு விளக்கு, இடப்பக்கம் நகர்ந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னும் நகர்ந்திருந்தது.

"என்னங்க, கோபுரம் நடக்குது."

அவர் எழுந்து வந்து பார்க்க அரை நிமிடம் கூட ஆகவில்லை. துடுப்பாலும் கொக்கிக் கழியாலும் இருவரும் அந்தப் பச்சைத் திட்டைக் கிழித்துத் தள்ளினார்கள். வேர்கள் தலைமுடி போலச் சங்கிலியைச் சுற்றியிருந்தன. இருபது நிமிட வேலை. மீதமிருந்த பத்து மீட்டர் சங்கிலியையும் விட்டார்கள். கோபுரம் நின்றது. கணவர் அதன் பிறகு சொன்னது ஒரு வாக்கியம்தான்: "நான் காவல் இருந்திருந்தா தூங்கியிருப்பேன்." மனைவி பதில் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு அவரை எழுப்பவும் இல்லை. விடியும் வரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துறைமுக அலுவலகங்களில் காகிதங்களைக் கொடுத்து முத்திரை வாங்குவதில் ஒரு பகல் போயிற்று. அதற்கு மறுநாள்தான் ஊருக்குள் போனார்கள். ரப்பர் படகில் போல்காட்டிக் கரை. ஆட்டோவில் கோஸ்ரீ பாலம். ஹைகோர்ட் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ. 2023-இல் தொடங்கிய இந்த மின்சாரப் படகுகள் அடுத்த ஆண்டிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் போகின்றன. ஏ.சி., கண்ணாடி ஜன்னல், சத்தமில்லாத ஓட்டம். மனைவிக்குத் திருப்தி இல்லை. "அப்ப இருந்த போட்டுல டீசல் நாத்தம் வயித்தைப் பிரட்டும். பிள்ளை வாந்தி எடுத்துட்டா."

பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

1991 பிப்ரவரி. திருமணமாகி மூன்று ஆண்டு. பெண் குழந்தைக்கு ஒரு வயது. தகப்பனார் இன்னும் முகம் பார்க்கவில்லை. உரம் ஏற்றிவரும் கப்பல் கொச்சியில் நாலு நாள் நிற்கும் என்று தந்தி வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் தனியாகக் கிளம்பினார். திருவனந்தபுரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். ஃபோர்ட் கொச்சியில் ஒரு லாட்ஜ். கப்பல் ஏஜென்டின் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்: கப்பல் வந்துவிட்டது, வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிற்கிறது, பெர்த் காலியானதும் உள்ளே வரும். நாளைக்கு வாங்க.

மறுநாளும் அதே பதில். அன்று இரவு குழந்தையுடன் சீன வலைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தொலைவில் கடலில் ஆறேழு கப்பல்களின் விளக்குகள். எது அவருடையது என்று தெரியாது. பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, "அப்பா, அப்பா" என்று சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை ஏஜென்ட் அலுவலகத்தில் சொன்னார்கள்: இங்கே இடமில்லை, கப்பலை மங்களூருக்குப் போகச் சொல்லியாகிவிட்டது, ராத்திரியே கிளம்பிவிட்டது.

கப்பலில் இருந்தவருக்கு இது எதுவும் தெரியாது. கரையில் அவர்கள் வந்து நின்றதை இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதத்தில்தான் படித்தார். அந்தக் கடிதம் ஒரு பக்கம்தான். அதன் பிறகு இருவருமே இதைப் பற்றிப் பேசியதில்லை. மகளுக்கு இப்போது திருமணமாகி, வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள்.

சீன வலைகள் இன்னும் இருக்கின்றன, எண்ணிக்கையில் குறைந்து. நேரடியாகச் சீனாவிலிருந்து வந்தவையா, போர்த்துகீசியர் மூலம் மக்காவிலிருந்து வந்தவையா என்ற சர்ச்சை ஓயவில்லை. கயிறுகளில் கட்டித் தொங்கும் கற்கள்தான் அந்தப் பொறியின் உயிர். எடை அவ்வளவு நுட்பமாகச் சமன் செய்யப்பட்டிருப்பதால், ஒரு மனிதர் மரத்தின் மேல் நடந்து போனாலே வலை நீரில் இறங்கிவிடும். தூக்குவதற்குத்தான் நாலைந்து பேர் வேண்டும். இறக்குவது சுலபம், ஏற்றுவது கஷ்டம் என்பதைக் கணவர் ஓர் என்ஜினியராக ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் தோளைத் தொட்டு, நாலு தப்படி தள்ளி அழைத்துப் போனார்.

"இங்கதான் நின்னேன்."

அவர் அந்த இடத்தில் நின்று கடலைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் இரண்டு கப்பல்கள் வெளியே நங்கூரத்தில் கிடந்தன. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வெளித்துறையில நின்னா எங்களுக்குக் கரையும் இப்படித்தான் தெரியும். வெறும் விளக்கு வரிசை" என்றார். "அன்னிக்கு ராத்திரி கிளம்பறப்ப நான் கீழே என்ஜின் ரூம்ல இருந்தேன். அதைக் கூடப் பாக்கலை."

வழியில் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். பதினைந்து ஆண்டுக்குள் எலும்புகளை எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது கல்லைச் சுற்றிக் கம்பி வேலி மட்டும். "கப்பல்காரர் வீடு திரும்பறதுன்னா அப்படித்தான்" என்றார் மனைவி. நீண்ட காலத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அங்கேதான்.

மனைவிக்குப் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று இருந்தது. எந்தச் சுற்றுலாக் கையேட்டை நம்பியும் அவர் வரவில்லை. 1991-இல் குழந்தையின் துணிகளெல்லாம் அழுக்காகிவிட, லாட்ஜ் பையன் ஓர் இடத்துக்கு வழி காட்டினான். வெளி என்ற பகுதியில் உள்ள தோபி கானா. அங்கே கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் இவரைப் பார்த்ததும் கேட்டார்: "எந்த ஊரு அக்கா?" தமிழில்.

18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள் இவர்கள். 1795-இல் டச்சுக்காரர்கள் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். 1947-இல் அவர்களும் போனார்கள். துணி வெளுக்க வந்தவர்கள் போகவில்லை. குளக்கரையில் வேலை செய்துவந்தவர்களுக்கு 1976-இல் கான்கிரீட் கட்டடம் ஒன்று கட்டித் தரப்பட்டது. வரிசையாகத் தொட்டியும் கல்லுமாகச் சிறு சிறு தடுப்புகள். வெளியே மைதானத்தில் கொடிகள். அந்தக் கொடிக்குக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்; துணியின் நுனியை முறுக்குக்குள் செருகிவிட்டால் எந்தக் காற்றும் பிடுங்காது. கணவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இது நல்ல நங்கூரம்."

உள்ளே இப்போது ஆட்கள் குறைவு. வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின். ஆனாலும் ஹோட்டல் விரிப்புகளும் பருத்திப் புடவைகளும் வருகின்றன. கஞ்சி போட்டு, தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட கனமான பெட்டியால் தேய்க்கிற வேலைக்கு இன்னும் மவுசு இருக்கிறது. உப்பேறிய இரண்டு பை துணிகளை இறக்கி வைத்துவிட்டு மனைவி தமிழில் பேசத் தொடங்கினார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரர் நிமிர்ந்தார். அவருடைய தமிழில் மலையாளத்தின் இழுவை இருந்தது. ஆனால் தமிழ்தான்.

அந்தப் பெண்ணின் அடையாளத்தைச் சொல்ல முயன்றார். நெற்றியில் பெரிய பொட்டு, முன்பல் ஒன்று இல்லை, மூன்றாவதோ நாலாவதோ கல். முப்பத்து நாலு ஆண்டுக்கு முன்பு துணிகளைத் துவைத்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தவர். பசியில் அழுத குழந்தைக்கு, துணிக்கு வைத்திருந்த கஞ்சியை அல்ல, வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் பிள்ளைக்குக் காய்ச்சிய கஞ்சியைக் கொண்டுவந்தவர். பெரியவர் யோசித்தார். இரண்டு மூன்று பேரைச் சொன்னார். அவர்களில் யாருமே இப்போது இல்லை. "எல்லாரும் போயி அம்மா" என்றார். பிறகு, ஏதோ தன் மேல் குற்றம் போல, "துணி நாளைக்குக் கிட்டும்" என்றார்.

மறுநாள் போய் வாங்கினார்கள். படகின் விரிப்புகள் பள்ளிக்கூடச் சீருடை போல விறைப்பாக மடிந்திருந்தன. கேட்ட கூலியைக் கொடுத்த பிறகு, மனைவி மேலும் ஒரு தொகையை வைத்தார். பெரியவர் வாங்கவில்லை. "அது உங்க பழைய கணக்கு. எனக்கு அதுல பங்கில்லை" என்றார்.

மட்டாஞ்சேரிக்கும் போனார்கள். சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைத் தெரு, 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஆலயம், அதன் தரையில் 18-ஆம் நூற்றாண்டின் நீல வண்ணச் சீன ஓடுகள். அந்தத் தெருவில் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். போனவர்களின் வீடுகளில் இப்போது பழம்பொருள் கடைகள். வந்தவர்கள், போனவர்கள், போக முடியாமல் தங்கிவிட்டவர்கள் என்று மூன்றே வகை மனிதர்களால் ஆன ஊர் போலத் தோன்றியது அவருக்கு. அதற்குள் கால் வலித்தது. பெட்டிக்கடையில் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா குடித்தார்கள்.

சாயங்காலப் படகில் திரும்பும்போது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து தேடினார். வல்லார்பாடம் கிரேன்கள், போல்காட்டித் தென்னைகள், அதன் முன்னால் ஒல்லியாக ஒரு பாய்மரம். அரண்மனைக் கூரையும் கோபுரமும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் படகு விட்ட இடத்தில் நின்றது. "நிக்குது" என்றார்.

கணவர் முடிவு செய்து வைத்திருந்ததைச் சொன்னார். ஜனவரியில் கன்னியாகுமரி முனையைத் தாண்டித் தூத்துக்குடிக்குப் போவது, வாடைக் காற்றின் முகத்தில் முட்டிக்கொண்டு போவது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அந்தக் கடலில் எத்தனை மீனவர்களை விழுங்கியது என்பது அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயல் காலம் முடிந்துவிட்டது என்றாலும் அவசரப்படத் தேவையில்லை. படகைப் பாதுகாப்பாக இங்கே கட்டிவிட்டு இருவரும் ரயிலில் ஊருக்குப் போகலாம். மார்ச் நடுவில் காற்று அடங்கும். அப்போது துணைக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு அவர் மட்டும் வந்து படகை எடுத்துப் போவார். "நீ கொச்சி வரைக்கும்னுதானே சொன்னே."

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. மடித்த விரிப்புகளின் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். படகுத்துறை வந்தது. இறங்கி, ஆட்டோ பிடித்து, ரப்பர் படகில் துடுப்புப் போட்டு, தங்கள் படகில் ஏறும் வரையில் ஒன்றும் பேசவில்லை. ஏறியதும் முதல் வேலையாக முகப்புக்குப் போனார். கூரைக்கு நேர் பின்னால் கோபுரம் இருந்தது. குனிந்து சங்கிலியைக் கையால் பிடித்துப் பார்த்தார். தரையில் இழுபட்டால் சங்கிலி கையில் உறுமும் என்று கணவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். உறுமவில்லை.

"ஆளு எதுக்கு?" என்றார். "ராத்திரி நீங்க தூங்கிட்டா அவனும் தூங்குவான். மார்ச்சுல லீவு போட வேண்டிய வேலை எனக்கு ஒண்ணும் இல்லை."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி கையை உயர்த்தினார். அந்தப் படகின் சட்டப்படி அதற்கு அர்த்தம், நிறுத்து.